நெக்ஸ்ட்கிளவுடில் ஒரே ஒரு பின்னணி வேலை மட்டும் ஓடவில்லை, டேட்டாபேஸில் கை வைக்கலாமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர்களே, நான் முழுநேர சிஸ்டம் அட்மின் இல்லை. பழைய இதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கும் ஒரு சிறு குழுவுக்காக நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் மென்பொருள்) சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ், மரியாடிபி டேட்டாபேஸ், 2 ஜிபி ரேம், 1 டிபி டிஸ்க், மொத்தம் 11 பேர் பயன்படுத்துகிறார்கள். ஒரு இதழை ஸ்கேன் செய்தால் பக்கத்துக்கு ஒரு பெரிய டிஃப் படக் கோப்பு வரும், சரிபார்த்த பிறகு வேண்டாதவற்றை அழித்துவிடுவார்கள், அவை குப்பைத்தொட்டிக்குப் போகும். 15 நாளுக்கு மேல் குப்பையில் எதுவும் இருக்க வேண்டாம் என்று கான்ஃபிக் கோப்பில் 'ஆட்டோ, 15' என்று வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

டிசம்பர் கடைசியில் டிஸ்க் 96 சதவீதம் என்று எச்சரிக்கை வந்தது. போய்ப் பார்த்தால் குப்பையில் ஒரு மாதத்துக்கும் மேலான பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அட்மின் பக்கத்தில் பின்னணி வேலை கடைசியாக 3 நிமிடத்துக்கு முன் ஓடியது என்று பச்சை விளக்கு எரிகிறது. பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் கிளப்பும் கிரான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சரியாகத்தான் கிளம்புகிறது. மெயில் அறிவிப்புகள் போகின்றன, மற்ற வேலைகளும் நடக்கின்றன. குப்பையைக் காலி செய்யும் வேலை மட்டும் மூன்று வாரமாக நடக்கவில்லை.

டேட்டாபேஸைத் திறந்து ஓசி_ஜாப்ஸ் டேபிளைப் பார்த்தேன். அந்த வேலையின் வரியில் மட்டும் 'ரிசர்வ்ட்_அட்' என்ற ஃபீல்டில் ஒரு பெரிய எண் இருக்கிறது, மற்ற வரிகளில் 0. இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: அப்டேட் போட்டு அந்த ஃபீல்டை எல்லா வரியிலும் 0 ஆக்கு, முடிந்தது. நான் எல்லா வரியையும் தொடப் பயந்து அந்த ஒரு வரியை மட்டும் 0 ஆக்கினேன். அடுத்த கிரான் ஓடியதும் மறுபடி எண் வந்து உட்கார்ந்துவிட்டது, குப்பையோ அப்படியே இருக்கிறது. இப்போது என் கேள்வி, இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, அந்த வரியையே டெலீட் செய்துவிட்டால் நெக்ஸ்ட்கிளவுட் தானாகப் புதிதாக எழுதிக்கொள்ளுமா?

கருங்கல் எழுதியது:

முதலில் ஒன்று, வரியை டெலீட் செய்துவிடாதீர்கள். அந்த வரி, ஆப்பை நிறுவும்போதோ அப்டேட் செய்யும்போதோதான் டேபிளில் எழுதப்படுகிறது. டெலீட் செய்தால் அடுத்த அப்டேட் வரை குப்பையைக் காலி செய்யும் வேலை என்று ஒன்று உங்கள் சர்வரில் இருக்காது. எந்தப் பிழையும் காட்டாது, அதுதான் ஆபத்து.

அந்த எண் என்ன என்று சொல்கிறேன். கிரான் கிளம்பியதும் டேபிளில் எந்த வேலையைப் பார்த்து ரொம்ப நேரம் ஆகிறதோ அதை 'லாஸ்ட்_செக்ட்' வரிசைப்படி எடுக்கும். எடுத்த உடனே 'இது என் கையில் இருக்கிறது' என்று சொல்ல அந்த நொடியின் யுனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள்) 'ரிசர்வ்ட்_அட்' ஃபீல்டில் எழுதும். வேலை முடிந்ததும் 0 ஆக்கிவிடும். இந்த ஏற்பாடு ஏன் என்றால், கமாண்டு லைனில் ஓடும் கிரான் 14 நிமிடம் வரை அடுத்தடுத்த வேலையை எடுத்துக்கொண்டே இருக்கும், அதற்குள் 5 நிமிடத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கிரான் வந்துவிடலாம், மூன்று பேர் ஒரே வேலையில் கை வைக்கக் கூடாது. எனவே அது ஒரு பூட்டு. எடுத்தவன் நடுவில் செத்துப்போனால் பூட்டைத் திறக்க ஆள் இல்லை. அப்போது 12 மணி நேரம் கழிந்த பிறகுதான் இன்னொரு கிரான் அந்த வேலையைத் தொடும்.

இதில் கவனிக்க வேண்டியது, வேலைக்குள் சாதாரணப் பிழை வந்தால், அதாவது எக்ஸெப்ஷன் வந்தால், நெக்ஸ்ட்கிளவுட் அதைப் பிடித்து லாக்கில் எழுதிவிட்டுப் பூட்டையும் திறந்துவிடும். பூட்டு அப்படியே நிற்கிறது என்றால் ஒன்று வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லை அதை ஓட்டிய ப்ராசஸையே (ஓடும் நிரலையே) யாரோ கொன்றிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டில் எது என்று தெரியாமல் 0 போட்டதால்தான் அது திரும்ப வந்திருக்கிறது. நீங்கள் திறந்து விட்டீர்கள், அடுத்த கிரான் எடுத்தது, அதே இடத்தில் மறுபடி செத்தது.

பச்சை விளக்கையும் நம்பாதீர்கள். ஒரு கிரான் செத்தால் அதோடு அந்தச் சுற்று போகும், 5 நிமிடத்தில் அடுத்த கிரான் வந்து பூட்டியிருக்கும் வேலையைத் தாண்டி மற்றதையெல்லாம் செய்து முடித்து 'நான் ஓடினேன்' என்று நேரத்தை எழுதிவிடும். அட்மின் பக்கம் காட்டுவது அந்த நேரத்தைத்தான், ஒவ்வொரு வேலையின் நிலையை அல்ல.

இப்போதைக்கு எதையும் மாற்றாமல் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரம்_யுனிக்ஸ்டைம் போட்டால் நேரமாக மாற்றித் தரும். நாளைக்கு அதே எண்ணை மறுபடி பாருங்கள். அப்புறம் அந்த நேரத்தையொட்டிக் கெர்னல் லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ரேம் தீர்ந்தால் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். 2 ஜிபி ரேமில் மரியாடிபியும் சேர்ந்து ஓடுகிறது என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

பனைமரம் எழுதியது:

கருங்கல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த 'எல்லா வரியையும் 0 ஆக்கு' என்ற கமாண்டை நான் ஒருமுறை பகல் நேரத்தில் போட்டேன். அந்தச் சமயத்தில் அறிவிப்பு மெயில் அனுப்பும் வேலை உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் பூட்டைத் திறந்ததும் அடுத்த கிரான் வந்து அதே வேலையை எடுத்துக்கொண்டது, ஒரே மெயில் பலருக்கு இரண்டு முறை போனது. மெயில் என்பதால் போகட்டும். கோப்பை நகர்த்தும் வேலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கவலையாக இருக்கிறது. எனவே பூட்டைத் திறக்கும் முன் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டு போட்டு கிரான் ப்ராசஸ் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முடியும் வரை காத்திருங்கள். நெக்ஸ்ட்கிளவுடைப் பராமரிப்புக்காக மூடி வைக்கும் மெயின்டனன்ஸ் மோடில் போட்டுவிட்டால் புதிய கிரான் எதுவும் வேலையை எடுக்காது, ஆனால் ஏற்கெனவே ஓடுவதை அது நிறுத்தும் என்று நம்பிவிடாதீர்கள், பிஎஸ் பார்ப்பதுதான் உறுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் அதிகம் பேசாத விஷயம். நெக்ஸ்ட்கிளவுடில் வேலைகள் இரண்டு வகை. குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடுவது ஒன்று, குப்பை வேலை அந்த வகை. ஒரே ஒரு முறை ஓடிவிட்டுப் போவது இன்னொன்று. இந்த இரண்டாம் வகையை ஓட ஆரம்பிக்கும் முன்பே டேபிளிலிருந்து எடுத்துவிடும். அது நடுவில் செத்தால் பூட்டும் இருக்காது, வரியும் இருக்காது. டேபிளில் பார்த்து 'எல்லாம் 0, எல்லாம் நலம்' என்று முடிவு கட்டக் கூடாது. அந்த வகை வேலை காணாமல் போனால் அதை உண்டாக்கிய செயலைத்தான் மறுபடி செய்ய வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். நேற்றுக் குறித்த எண் 1735689604. மாற்றிப் பார்த்தால் ஜனவரி 1, 2025 விடியற்காலை 5:30:04. இன்று பார்க்கும்போது 1735732811, அதாவது அதே நாள் மாலை 5:30:11. கழித்தால் 43,207 நொடி. 12 மணி நேரம் என்பது 43,200. அதற்கு மேல் 7 நொடிதான். இந்த எண்ணைப் பார்த்ததும்தான் கருங்கல் சொன்னது முழுவதும் புரிந்தது, பூட்டு காலாவதி ஆன உடனே ஒரு கிரான் வந்து எடுத்திருக்கிறது.

கெர்னல் லாக்கிலும் தேடினேன். அவுட் ஆஃப் மெமரி, பிஎச்பி (நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்ட மொழி) ப்ராசஸ் கொல்லப்பட்டது என்று தெளிவாக இருக்கிறது. காலை 5:38க்கு ஒன்று, மாலை 5:39க்கு ஒன்று. பின்னால் போனால் டிசம்பர் 11 வரை நாளுக்கு இரண்டு என்று வரிசையாக நிற்கிறது. டிசம்பர் 10 அன்றுதான் எங்கள் குழுவில் ஒருவர் பழைய ஸ்கேன் கோப்புறைகளை மொத்தமாக அழித்திருக்கிறார், பக்கத்துக்குப் பக்கம் வெட்டிய சிறு படங்கள், அவர் குப்பையில் மட்டும் 2,80,000 கோப்புகளுக்கு மேல் இருக்கின்றன. நெக்ஸ்ட்கிளவுட் லாக்கில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று வாரம் நான் அந்த லாக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என்ன செய்வது? ரேமைக் கூட்ட இப்போது வசதி இல்லை.

கருங்கல் எழுதியது:

நல்லது, காரணம் தெரிந்துவிட்டது. நெக்ஸ்ட்கிளவுட் லாக்கில் இல்லாதது இயல்புதான், கெர்னல் கொன்றால் சாகும் ப்ராசஸுக்கு எழுத நேரமே கிடைக்காது. டெபியனில் கமாண்டு லைன் பிஎச்பிக்கு மெமரி வரம்பு இயல்பாகவே கிடையாது, கழித்தல் 1 என்று இருக்கும். அதனால் அது ரேம் முழுவதையும் தின்றுவிட்டுக் கெர்னலிடம் மாட்டுகிறது. சில சமயம் கெர்னல் பிஎச்பியை விட்டுவிட்டு மரியாடிபியைக் கொன்றுவிடும், அது இன்னும் மோசம். கமாண்டு லைன் பிஎச்பி கான்ஃபிக்கில் 512 எம்பி என்று வரம்பு வையுங்கள், நெக்ஸ்ட்கிளவுட் பரிந்துரைக்கும் அளவு அது. வரம்பைத் தாண்டினால் அப்போதும் வேலை சாகும், பூட்டும் நிற்கும், ஆனால் 'மெமரி தீர்ந்தது' என்று ஒரு பிழைச்செய்தி கிடைக்கும், டேட்டாபேஸும் தப்பிக்கும். ஆனால் இந்தத் தேங்கிய குப்பை முழுவதும் போன பிறகு வையுங்கள், இப்போதே வைத்தால் அதே இடத்தில் நின்றுவிடும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பு (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போடுங்கள், டிஸ்கில் அந்த அளவு இடம் இருக்கும். அடுத்து மெயின்டனன்ஸ் மோடு, பிஎஸ் பார்த்து கிரான் எதுவும் இல்லை என்று உறுதி. பிறகு ஓசி_ஜாப்ஸ் டேபிளை மட்டும் மைஎஸ்கியூஎல்டம்ப் போட்டு நகல் எடுத்து வையுங்கள், சின்ன டேபிள், ஒரு நொடி வேலை, எதுவானாலும் திரும்பி வரலாம். அப்புறம் பூட்டைத் திறங்கள், ஐடி எண்ணைக் கொடுத்து அந்த ஒரு வரியில் மட்டும், 'ரிசர்வ்ட்_அட்' 0. கமாண்டில் இன்னொரு நிபந்தனையும் சேருங்கள்: ஐடி இதுவாக இருக்க வேண்டும், அதோடு 'ரிசர்வ்ட்_அட்' நீங்கள் பார்த்த அதே 1735732811 ஆகவும் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்த பிறகு வேறு யாராவது அந்த வரியை எடுத்திருந்தால் எண் மாறியிருக்கும், 0 வரி மாறியது என்று பதில் வரும், யாருடைய பூட்டையும் தெரியாமல் உடைக்க மாட்டீர்கள். நெக்ஸ்ட்கிளவுடே வேலையை எடுக்கும்போது இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது, பழைய மதிப்பு மாறாமல் இருந்தால்தான் எழுதும். கையால் செய்யும்போது நாமும் அப்படியே செய்யலாம்.

ஆனால் மெயின்டனன்ஸ் மோடை எடுத்த உடனே கிரானை விட்டுவிடாதீர்கள், அது மறுபடி அந்த 2,80,000 கோப்பில் போய் விழும். கிரான் எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்கும் கிரான்டேபில் அந்த வரியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு, நெக்ஸ்ட்கிளவுடின் கமாண்டு லைன் கருவியான ஓசிசியில் ட்ராஷ்பின் எக்ஸ்பயர் என்று ஒன்று இருக்கிறது, பயனர் பெயரைக் கொடுத்தால் அவர் குப்பையில் காலாவதியானதை மட்டும் அழிக்கும். டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (வெப் சர்வர் ஓடும் கணக்கு) பயனராக ஓட்ட வேண்டும், ரூட்டாக அல்ல. சின்னக் கணக்குகள் பத்தையும் முதலில் முடியுங்கள், பெரிய கணக்கைக் கடைசியில். ட்ராஷ்பின் க்ளீனப் என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும், அது நேற்று அழித்ததையும் சேர்த்து முழுக் குப்பையையும் துடைத்துவிடும். பெயரைப் பார்த்து மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கிரானைத் திறக்கும் முன், ஓசிசியில் பேக்கிரவுண்டு-ஜாப் எக்ஸிகியூட் கமாண்டை ஐடி கொடுத்து ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக எப்போது ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது எல்லாம் திரையில் வரும்.

மூணாவது_ஷிஃப்ட் எழுதியது:

இந்தக் கேள்வியைத் தேடி வருகிறவர்கள் வேறு காரணத்தோடும் வரலாம் என்பதால் எழுதுகிறேன். எங்கள் இடத்தில் பூட்டு போலவே தெரிந்தது, ஆனால் கதை வேறு. விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் கடிகாரம் தப்பாகி சில மணி நேரம் அடுத்த ஆண்டின் தேதியில் ஓடியது. கடிகாரத்தைச் சரி செய்த பிறகு பார்த்தால் பெரும்பாலான வேலைகள் அசையவே இல்லை. டேபிளில் 'லாஸ்ட்_செக்ட்', 'லாஸ்ட்_ரன்' எல்லாம் எதிர்கால நேரத்தில் நிற்கின்றன. இங்கே 'ரிசர்வ்ட்_அட்' ஃபீல்டை 0 ஆக்கினால் போதாது. 'லாஸ்ட்_செக்ட்' எதிர்காலத்தில் இருந்தால் கிரான் அந்த வரியை எடுக்கவே எடுக்காது. அதைச் சரி செய்தாலும் 'லாஸ்ட்_ரன்' எதிர்காலத்தில் இருந்தால், எடுத்துப் பார்த்துவிட்டு 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று விட்டுவிடும். இப்போதைய நேரத்தைவிடப் பெரிய எண் இருக்கும் வரிகளைத் தேடி மூன்றையும் 0 ஆக்கினோம். எல்லா வரியிலும் 'லாஸ்ட்_ரன்' 0 ஆக்கினால் எல்லா வேலையும் 'நான் ஓடியதே இல்லை' என்று ஒரே சமயத்தில் கிளம்பும், சின்ன சர்வர் திணறிவிடும், அதனால் தேவைப்பட்ட வரிகளில் மட்டும்.

ஒரு விதிவிலக்கு, 'லாஸ்ட்_செக்ட்' எதிர்காலத்தில் சுமார் 12 மணி நேரம் தள்ளி நின்றால் அது கடிகாரக் கோளாறு இல்லாமலும் இருக்கலாம். நீக்கப்பட்ட ஆப்பின் வேலை டேபிளில் மிச்சம் இருந்து, அதன் கிளாஸ் (அந்த வேலையின் நிரல் பகுதி) கிடைக்காவிட்டால், நெக்ஸ்ட்கிளவுடே அதை 12 மணி நேரம் தள்ளி வைக்கும். அதைத் தொட வேண்டாம்.

மெயின்டனன்ஸ் விண்டோ (அவசரமில்லாத வேலைகளுக்கு ஒதுக்கிய நேரம்) வைத்திருப்பவர்களும் ஒன்று பாருங்கள். கான்ஃபிக்கில் அந்த மணியை யுடிசியில் (நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) கொடுக்க வேண்டும், அவசரமில்லாத வேலைகள் அந்த மணியிலிருந்து 4 மணி நேரத்துக்குள்தான் ஓடும். ஆவணத்தில் இருக்கும் உதாரணத்தைப் பார்த்து 1 என்று போட்டால் நம் ஊர் நேரப்படி காலை 6:30 முதல் 10:30 வரை, ஆபீஸ் திறக்கும் நேரத்தில் சர்வர் மூச்சு முட்டும். 19 என்று போட்டால் இரவு 12:30 முதல் 4:30 வரை வரும். பகலில் ஒரு வேலை ஓடவில்லை என்றால் பூட்டைத் தேடும் முன் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முடிந்தது. நேற்று இரவு 9 மணிக்கு ஆரம்பித்தேன். அந்த இரண்டாவது நிபந்தனை உண்மையிலேயே கைகொடுத்தது. முதல் முறை கமாண்டைப் போட்டபோது '0 வரி மாறியது' என்று வந்தது. யோசித்துப் பார்த்தால், நான் இங்கே எழுதிவிட்டுப் போன பிறகு 12 மணி நேரம் இரண்டு முறை கடந்து எண் மாறியிருக்கிறது. பிஎஸ் மறுபடி பார்த்து, ப்ராசஸ் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புதிய எண்ணைக் கொடுத்துப் போட்டேன், 1 வரி.

பத்துக் கணக்குகளும் 20 நிமிடத்தில் முடிந்தன. பெரிய கணக்குக்கு மட்டும் 3 மணி 40 நிமிடம் ஆனது. பக்கத்து ஜன்னலில் ரேம், ஸ்வாப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கமாண்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன், ஸ்வாப் 1.3 ஜிபி வரை போய் அங்கேயே நின்றது, பிறகு மெல்லக் குறைந்தது. அது இல்லாமல் இது முடிந்திருக்காது. டிஸ்க் இப்போது 61 சதவீதம். அதன் பிறகுதான் 512 எம்பி வரம்பை வைத்தேன்.

கிரானைத் திறக்கும் முன் வேலையைக் கையால் ஓட்டினேன், 4 நொடியில் முடிந்தது. இன்று காலை 6 மணிக்குப் பார்த்தபோது 'லாஸ்ட்_ரன்' 5:45 என்று இருந்தது, 'ரிசர்வ்ட்_அட்' 0. மொத்தமாக அழித்த நண்பரிடமும் பேசினேன், அடுத்த முறை கோப்புறை கோப்புறையாக அழிப்பதாகவும், பெரிதாக அழிக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம். டேபிள் பெயர் ஏன் ஓசி என்று தொடங்குகிறது?

கருங்கல் எழுதியது:

ஓன்கிளவுட் என்பதன் சுருக்கம். 2016இல் அதிலிருந்து பிரிந்துதான் நெக்ஸ்ட்கிளவுட் வந்தது, டேபிள் முன்னொட்டை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். நிறுவும்போது வேறு முன்னொட்டு கொடுத்திருந்தால் கான்ஃபிக் கோப்பில் 'டிபிடேபிள்ப்ரீஃபிக்ஸ்' என்ற இடத்தில் அது இருக்கும், இதைப் படித்துவிட்டுத் தங்கள் டேட்டாபேஸில் ஓசி_ஜாப்ஸ் இல்லை என்று குழம்புகிறவர்கள் அங்கே பாருங்கள்.

ஸ்வாப் கோப்பை, சர்வர் கிளம்பும்போது படிக்கும் எஃப்எஸ்டேபில் சேர்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் போய்விடும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சேர்க்கவில்லை. இதோ இப்போதே சேர்க்கிறேன்.